கொள்ளுத்தாத்தாவை விட்டுவிட்டு ஓடிய பாட்டு

டுமாகுடே என்ற பேர் கொம்பிசிலேவின் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு சனிக்கிழமை முற்பகலில். அடுப்படியில் உட்கார்ந்து கோழிக்குச் சிறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திர மூடிகள் திடீரென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்க ஆரம்பித்தன. வாசலில் ஏதோ பெரிய லாரி நின்று உறுமுகிறது என்று நினைத்தாள். கோழியின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் பாதி ஆயிற்று, லாரி போகிற வழியாகத் தெரியவில்லை. கோழியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு வேலியோரம் போனாள்.

"ஏ மாசெலே! உன் வீட்டுக்குப் பின்னால என்னடி லாரி? டிரைவர் தூங்கிட்டானா, செத்துட்டானா?"

பக்கத்து வீட்டு மாசெலே ஈரத்துணியை உதறிக்கொண்டே வந்தாள். "லாரி இல்லக்கா. டுமாகுடே. பின்கட்டு ரூமுக்குப் புதுசா வந்திருக்கான். வேலை பாக்குறான்."

"என்ன வேலை, கிணறு வெட்டுறானா?"

"பாட்டுப் பண்றானாம்."

கொம்பிசிலே தலையைச் சாய்த்துக் கேட்டாள். டும், டும், அதற்கு நடுவில் யாரோ தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, மறுபடி டும். "எல்லாம் சரி. பாட்டு எங்கடி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். இதுதாங்க பாட்டுன்னுட்டான்."

டுமாகுடே என்றால் தூரத்திலிருந்தே முழங்குகிறவன். "தூரத்துலேர்ந்துன்னுதானே பேர் வெச்சாங்க? கொஞ்சம் தூரமாப் போய் முழங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் கோழியோடு திரும்பிவிட்டாள்.

ஆனால் ஒரு பேர் காதில் விழுந்துவிட்டால் அவன் யார் பிள்ளை, அவனைப் பெற்றவள் எந்த வீட்டில் பிறந்தவள் என்று தெரியாமல் கொம்பிசிலேவுக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் ஊரான உம்லாசியில் அவள் விசாரிக்காத குடும்பம் கிடையாது. ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டாள். ந்த்வெத்வெ மலைப்பக்கத்து ஷாங்கே குடும்பம். தகப்பன் தரைக்கு ஓடு பதிக்கிறவன், இறந்துவிட்டான். தாய் இனாண்டாவில் மக்காத்தினி வீட்டுப் பெண், நாலு அக்கா தங்கைகளில் மூன்றாமவள், அந்த நாலு பேரில் மூத்தவள் கொம்பிசிலேவின் செத்துப்போன புருஷனுடைய தம்பிக்கு ஒரு காலத்தில் பேசி முடிக்காமல் விட்ட பெண். அதனால் டுமாகுடே ஏறக்குறைய சொந்தம். ஏறக்குறைய சொந்தம் என்பவனைத் திட்டுவதற்கு உரிமை கூடத்தானே செய்யும்?

அவன் ஒரு வேலையிலும் நிலைத்ததில்லை. கடைத்தெருவில் கார் நிறுத்துமிடத்துக் காவல்காரனாக இருந்தான். நின்ற கார்களின் முதுகை விரலால் தட்டித் தட்டி எது எப்படி ஒலிக்கிறது என்று பார்த்ததில், ஒரே நேரத்தில் அத்தனை கார்களும் அலாரம் போட்டு அலறிவிட்டன. அந்த வேலை அன்றோடு போயிற்று. பிஸ்கட் கம்பெனியில் டப்பா மூடுகிற வேலை. மூடிய டப்பாக்களைத் தாளத்துக்குத் தகுந்த மாதிரி அடுக்குகிறான் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி கழுவினான். அங்கேதான் கிஜிமா என்ற ஷேர் டாக்ஸிக்காரன் சிநேகிதமானான். கிஜிமாவின் வேனில் பதினைந்து பேர் உட்காரலாம், ஆனால் சீட்டுக்கடியில் அவன் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள் அத்தனை பேரையும் உட்கார விடாது.

மாசெலே வீட்டுப் பின்கட்டு அறை ஒரு கட்டிலுக்கும் ஒரு ஆளுக்கும் சரியாக இருக்கும். அதில் இவன் கட்டிலை வெளியே போட்டுவிட்டு இரண்டு ஸ்பீக்கர்களை உள்ளே வைத்தான். மெத்தையைச் சுவரில் தொங்கவிட்டான். வயிற்றைத் திறந்துபோட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு வேர்க்காமல் இருக்க ஒரு மேஜை விசிறி. அவனுக்கு விசிறி கிடையாது. கண்ணில் பட்ட எதையும் தட்டிப் பதிந்துகொள்வான். மாசெலேயின் அம்மிக்கல், இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள், துடைப்பம், ஒரு தடவை அவளுடைய பொய்ப்பல் செட் டம்ளரில் விழுந்த சத்தம். "என் பல்லுக்கு மோசஸ் டான்ஸ் ஹால்ல ஆடுறாங்கக்கா!" என்று மாசெலே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கல்லின் மேல் கல் விழுந்தால் வருகிற சத்தத்தையே இந்த மாதிரிப் பாட்டுக்கு அந்த ஊரில் பேராக வைத்திருக்கிறார்கள்: க்கொம். ராகம் தேடுகிறவனுக்கு அதில் வேலை இல்லை. கால்தான் கேட்க வேண்டும்.

பாட்டு தேறிவிட்டதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாதி முடிந்ததை மெமரி ஸ்டிக்கில் போட்டுக் கிஜிமாவிடம் கொடுப்பான். காலைச் சவாரியில் அவன் அதைப் போடுவான். இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுக்க மறந்து இரண்டு பேராவது தாண்டிப் போய்விட்டால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். எல்லாரும் சரியான இடத்தில் இறங்கிவிட்டால் மறுபடி அறைக்குள் போக வேண்டியதுதான்.

அப்படித் தாண்டிப் போனவர்களில் ஒருத்தி பாகமிலே.

பாகமிலே கொம்பிசிலேவின் தம்பி ஃபலாகே மகுபேனியின் ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு பேரையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். ஒருவன் சிரிக்கும்போது சத்தமே வரவில்லையாம், இன்னொருவன் நடக்கும்போது கையை ஆட்டுவதே இல்லையாம். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்ட கொம்பிசிலேவுக்கு இந்தப் பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான் பாக்கி. அந்தப் பெண் ஒரு நாள் டாக்ஸியில் நாலு நிறுத்தம் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பின்கட்டு அறையின் கதவை இடித்தாள்.

"நீதானே அந்தச் சத்தம் போடுறவன்? என் காலைப் பாரு!"

டுமாகுடே காலைப் பார்த்தான். "நாலு ஸ்டாப்பா தாண்டுனீங்க?" என்றான். முகமெல்லாம் பல். "நாலு இதுவரைக்கும் யாரும் தாண்டுனதில்லீங்க!"

அவன் சிரிப்பில் சத்தம் இருந்தது. கையும் ஆடியது. அப்புறம் என்ன, இரண்டு பேரும் வேலியோரத்தில் நின்று பேசுவது தெருவுக்குப் பழகிவிட்டது.

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் அவன் அந்தப் பாட்டைச் செய்தான். ஒவ்வொரு குலத்துக்கும் முன்னோர் பேர்களை வரிசையாகச் சொல்லுகிற கட்டியம் ஒன்று உண்டே. குழந்தை அழுதால் தூக்கிவைத்துச் சொல்வார்கள், ஒருவர் தேநீர் நீட்டினால் நன்றிக்குப் பதிலாகச் சொல்வார்கள். பாகமிலேவின் குலத்துக்கு அது இப்படி வரும்: மகுபேனி! டொங்கா! முசுலு! ஆற்றைக் கேடயத்தில் ஏறிக் கடந்தவனே! அதோடு சட்டென்று நிறுத்த வேண்டும். மூச்சு ஒன்று விட்டு, அதற்கப்புறம்தான் கடைசிப் பேர்: சொமலங்காபி!

அந்த நிறுத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃபலாகேவின் கொள்ளுத்தாத்தா சொமலங்காபி எதற்கும் தாமதமாக வருகிறவர். குலமே ஆற்றைக் கடந்த அன்றைக்கு அவர் மறந்து வைத்த மண்சட்டியை எடுக்கத் திரும்பிப் போய்விட்டார். அக்கரை சேர்ந்தவர்கள் நெருப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தலையில் சட்டியோடு வந்து சேர்ந்தாராம். அவர் வரும்வரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அதனால் கட்டியத்திலும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அது மகுபேனிகளின் பெருமை.

டுமாகுடேவுக்கு அது தலைவலி. ஓடுகிற தாளத்தில் எங்கே போய் நிற்பது? நாலு நாலாகக் கட்டிய அடியில் மற்றவர்கள் எல்லாரும் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சொமலங்காபி மட்டும் ஐந்தாவது அடியில் காலை நீட்டினார். அவன் ஒரு வாரம் முட்டி மோதிவிட்டு, கடைசியில் கொள்ளுத்தாத்தாவைக் கத்தரித்துவிட்டான்.

பாட்டு ஊரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உம்லாசியில் மட்டுமா? க்வாமாஷு, க்ளாரெமோன்ட், எங்கே டாக்ஸி ஓடியதோ அங்கேயெல்லாம். மகுபேனி என்றால் யார் என்று தெரியாதவர்கள்கூட டொங்கா, முசுலு என்று கத்திக்கொண்டு ஒரு காலைத் தூக்கி மறுகாலை மண்ணில் அடித்து ஆடினார்கள். கொம்பிசிலே அதைக் கடைக்குப் போகிற வண்டியில்தான் கேட்டாள். முதலில் கோபம் வந்தது. தன் அப்பன் பாட்டன் பேரைக் கோழிக்கால் வறுத்து விற்கிறவள்கூடப் பாடுகிறாளே என்று. ஆனால் பாதம் அதன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. அதை மற்றப் பாதத்தால் மிதித்துக்கொண்டு பேர்களை எண்ணினாள். வீட்டுக்கு வந்ததும் பாகமிலேவைச் சமையற்கட்டுக்குள் இழுத்தாள்.

"உன் ஆளு நம்ம சொமலங்காபியை ஆத்தங்கரையிலேயே விட்டுட்டு வந்துட்டானேடி!"

"அத்தே, அது கட்டியம் இல்ல. டான்ஸுக்குப் பண்ண பாட்டு. நின்னா ஆடுறவன் விழுந்துடுவான்."

"விழட்டுமே! உங்கப்பன் காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

ஃபலாகேவின் காதில் விழாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் ரயிலில்தான் போவார். டாக்ஸியை மனிதன் ஏறுகிற வண்டியாகவே மதிப்பதில்லை. தெருவில் போகிற வண்டியிலிருந்து அந்தப் பாட்டு கேட்டாலும் அவருக்கு அது சத்தம்தான், அதில் சொல் இருக்கும் என்று நினைத்தே பார்க்க மாட்டார். டுமாகுடேவும் பயந்துபோய், பேர் வருகிற இடங்களை எல்லாம் காதில் கருவி மாட்டிக்கொண்டுதான் செய்திருந்தான். கல்யாணம் முடிகிறவரை மூச்சு விடுவதில்லை என்று அத்தையும் மருமகளும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

பெண் கேட்டு வருகிற நாள் குறித்தாயிற்று. டுமாகுடேவின் தகப்பன் இல்லாததால், பெரியப்பா கன்யேசா ந்த்வெத்வெயிலிருந்து வந்தார். உயரமான ஆள், மடிப்புக் கலையாத கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. பேச்சில் அவரை ஜெயித்தவன் இல்லை, ரோஷத்திலும் அப்படித்தான். ஒரு வாசலில் திருப்பி அனுப்பினால் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார், தன் குடும்பத்தில் யாரையும் பார்க்க விடவும் மாட்டார். துணைக்குக் கிஜிமா, அவன் வண்டியில்தான் பயணம்.

பாதி மலை இறங்கியதும் பெரியவர் கேட்டாராம், "ஏம்ப்பா, இந்த மகுபேனி வீட்டுக் கட்டியம் எப்படி? வாசல்ல நின்னு கத்தணுமே, எனக்குத் தெரியாதே."

"அதுக்கென்ன பெரியப்பா, ஸ்டிக்ல இருக்கு" என்றானாம் கிஜிமா.

வழி முழுக்க அதைப் போட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டே வந்தார்கள்.

விடிகிற நேரத்துக்கு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. வீடே தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் முறை. உள்ளே ஃபலாகே கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து தூங்குகிற மாதிரி இருந்தார். சமையற்கட்டில் இஞ்சிப் பானமும் ஸ்கோன் ரொட்டியும் தயார். பாகமிலே போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். மாப்பிள்ளை கண்ணிலேயே படக்கூடாது. டுமாகுடே பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தால் எங்கே போய் ஒளிவான்? தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கன்யேசா தொண்டையைச் செருமினார். "மகுபேனி! டொங்கா! முசுலு!"

அவ்வளவுதான் சாதாரணமாக வந்தது. அடுத்த வரியிலிருந்து அவருக்கே தெரியாமல் தாளம் புகுந்துகொண்டது. பாட்டோடு சேர்த்துப் படித்த பாடம் பாட்டை விட்டு வரமாட்டேன் என்றது. "டொங்கா! டொங்-டொங்-டொங்கா! முசுலு-சுலு!" கைத்தடி இரும்புக் கேட்டில் டும் டும் என்று விழுந்தது. கிஜிமா வாயாலேயே தகரச் சத்தம் கொடுத்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாசெலே தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே இடுப்பை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னக்கா இது?" என்றார் ஃபலாகே, கண்ணைத் திறக்காமல். "பொண்ணு கேட்டு வந்திருக்காங்களா, வண்டி ரிப்பேருக்கு வந்திருக்காங்களா?"

"மலைப்பக்கத்து வழக்கம் போல, தம்பி. நல்லாத்தானே சொல்றாங்க?"

அவர் முகம் கொஞ்சம் இளகியது. தன் முன்னோர் பேரை விடியற்காலையில் தெருவே கேட்கக் கேட்பது யாருக்குத்தான் கசக்கும்? "ஆற்றைக் கேடயத்தில் ஏறிக் கடந்தவனே!" வந்தது. ஃபலாகே கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். வெளியே பெரியவர் நிற்காமல் மறுபடி மகுபேனிக்கே ஓடிப்போய்விட்டார்.

கை அந்தரத்தில் நின்றது. "அக்கா. யாரையோ விட்டுட்டாங்க."

"மூச்சு வாங்கியிருக்கும். வயசாளி."

இரண்டாவது சுற்றும் வந்தது. கேடயம் வந்தது. மகுபேனி வந்தார். சொமலங்காபி வரவில்லை.

ஃபலாகே எழுந்தார். "இன்னும் ஒரு தடவை பாப்பேன். அதுக்கும் என் கொள்ளுத்தாத்தா வரலைன்னா, வந்த வழியே போகச் சொல்லிடு. அவருக்காகக் காத்திருக்கத் தெரியாத வீட்டுல என் பொண்ணுக்கு என்ன வேலை?"

உள்ளறையில் போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

கொம்பிசிலே கொல்லைக் கதவு வழியாக வெளியே ஓடினாள். கேட்டுக்குப் போய்ப் பேசக்கூடாது, கதவு திறக்குமுன் வீட்டுப் பெண்கள் வாய் திறப்பது முறையில்லை. துணிக்கொடிக்குப் பின்னால் நின்று பெரியவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள்: நில்லுங்க. தலையில் சட்டி வைத்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்தினாள்: அவர் வரணும். பெரியவர் மலர்ந்துபோனார். பெண்வீட்டார் கொல்லையில் நின்று ஆடுகிறார்கள் என்று புரிந்துகொண்டு இன்னும் வேகத்தைக் கூட்டினார்.

"இந்த மனுஷனுக்கு நான் என்ன பண்ணித் தொலைக்க!" வேலிக்கு ஓடிப் பின்கட்டு ஜன்னலைத் தட்டினாள். "டேய்! எங்க சொமலங்காபியை எங்கடா போட்டே?"

டுமாகுடேவின் முகம் சாம்பலாக இருந்தது. எல்லாம் அவனுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "அத்தே, அவரு அஞ்சாவது அடியில வர்றாரு..."

"அஞ்சுல வந்தா என்ன, அம்பதுல வந்தா என்ன? இப்ப அவர் வரலைன்னா உனக்குப் பொண்ணு இல்ல!"

"நான் வெளிய வரக்கூடாதே! வாயும் திறக்கக்கூடாதே!"

"நீ வராத. உன் லாரியை வரச் சொல்லு!"

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தான். விரல்கள் பறந்தன. ஜன்னல் வழியாகக் கைபேசியை நீட்டினான். "பேரை இதுல சொல்லுங்க அத்தே. பலமா!"

கொம்பிசிலே சின்ன வயதில் மாடு மேய்த்தவள். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாட்டைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

கேட்டில் மூன்றாவது சுற்று ஆரம்பித்திருந்தது. பின்கட்டிலிருந்து பழைய லாரி உறுமியது. கன்யேசா அதைக் கேட்டதும் குதிரையில் ஏறியவர் மாதிரி நிமிர்ந்து தடியை அதோடு சேர்த்து அடித்தார். மகுபேனி, டொங்கா, முசுலு, கேடயம். லாரி நின்றுவிட்டது.

தெருவே நின்றுவிட்டது. மாசெலே ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். கிஜிமா வாயைத் திறந்தபடி நின்றான். பெரியவரின் தடி கேட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. உள்ளே கதவுப் பிடியில் கை வைத்திருந்த ஃபலாகே அப்படியே இருந்தார்.

பிறகு எங்கிருந்தோ, பாத்திர பண்டமெல்லாம் அதிர வந்தது அந்தக் குரல்: சொமலங்காபி!

"சொமலங்காபி!" என்று கன்யேசாவும் கூடவே கத்தினார். மூதாதையரே தன் காதில் வந்து சொன்னதாக அவர் பிற்காலத்தில் எல்லாரிடமும் சத்தியம் செய்தார்.

ஃபலாகே கதவைத் திறக்கவில்லை, திரும்பினார். மூச்சு வாங்கக் கொல்லை வழியாக உள்ளே வந்த கொம்பிசிலேவைப் பார்த்தார். "அக்கா, நம்ம மூதாதையருக்கு உன் குரல் எப்ப வந்துச்சு?"

"குடும்பக் குரல்தானே தம்பி. யாருக்கு வேணா வரும்."

அவர் வாய்க்குள் எதையோ மென்றார். பிறகு, "கேட்டைத் திறங்க" என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்து, இஞ்சிப் பானம் குடித்து, பெண்ணுக்காகக் கொடுக்க வேண்டிய மாடுகளைப் பற்றிய பேச்சு எல்லாம் மரியாதையாகத்தான் போயிற்று, கன்யேசா வாயை விடுகிறவரை. "உங்க குலத்துக் கட்டியம் மாதிரி எங்கேயும் கேட்டதில்ல. அந்தப் பாட்டுல கேட்டுத்தான் நாங்க படிச்சோம்" என்றார்.

"எந்தப் பாட்டு?"

கிஜிமா இன்னொரு ஸ்கோனை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் கொம்பிசிலேதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபலாகேவின் கழுத்துப்பட்டைக்கு மேலே நரம்பு புடைத்தது. "டாக்ஸியிலயா? என் கொள்ளுத்தாத்தா இல்லாமயா? ஊர் முழுக்கவா?"

"ஆடுறதுக்கு..." என்று ஆரம்பித்தான் கிஜிமா.

"ஆடட்டும். யார் வேண்டாம்னது? காத்திருந்துட்டு ஆடட்டும்!" அவர் கன்யேசாவைப் பார்த்தார். "உங்க பையனுக்குச் சொல்லுங்க. டாக்ஸிகள்ல ஓடுற பாட்டுல அவர் வந்து சேரணும். என் காதால கேப்பேன். அன்னிக்குக் கல்யாணத் தேதி சொல்றேன்."

மறுநாளிலிருந்து டுமாகுடே சட்டைப்பை நிறைய ஸ்டிக்குகளை அள்ளிக்கொண்டு ஒவ்வொரு டாக்ஸி ஸ்டாண்டாக அலைந்தான். பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடு என்று யார் சொன்னாலும் எந்த டிரைவர் கேட்பான்?

"நல்லா ஓடுற பாட்டை எவனாவது நடுவுல நிறுத்துவானா? வண்டி நின்னுபோச்சுன்னு ஜனங்க இறங்கிடும்" என்றான் ஒருவன்.

"கல்யாணம்ணே."

"உனக்குக் கல்யாணம்னா என் ஸ்பீக்கர் என்னடா பாவம் பண்ணுச்சு?"

கெஞ்சினான், அவர்கள் வண்டியைக் கழுவிக்கொடுத்தான். முதலில் பரிதாபப்பட்டு வாங்கியவர்கள் பிறகு தாங்களாகவே விரும்பிப் போட ஆரம்பித்தார்கள். பழைய பாட்டில் ஆள்கள் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டு டிரைவரோடு சண்டைக்கு வருவார்கள். இந்தப் பாட்டில் அந்த அமைதி வந்ததும் எல்லாருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று நினைப்பு வந்துவிடுகிறது. இறங்குகிறவன் சரியாகக் குரல் கொடுத்துவிடுகிறான். டிரைவர்களுக்கு நிம்மதி. டுமாகுடேவுக்குத்தான் வயிற்றெரிச்சல். அவன் கணக்குப்படி யாரும் தாண்டிப் போகாத பாட்டு தேறாத பாட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபலாகே கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கொம்பிசிலேவும் கூடப் போனாள். கிஜிமாவின் வண்டி வேண்டாம், அதில் ஏமாற்றுவார்கள் என்று வழியில் வந்த ஏதோ ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். நடு சீட்டில் இரண்டு பெரிய முட்டைக்கோசை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சீட்டு அவர் முதுகெலும்பை உதைக்க ஆரம்பித்தது. இரண்டு பாட்டு எதுவுமில்லாமல் போயிற்று. மூன்றாவதில் மகுபேனி வந்தார். ஃபலாகே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். டொங்கா. முசுலு. கேடயம்.

தாளம் நின்றது.

"சிக்னல் தாண்டி நிறுத்துங்க!" என்று கத்தினாள் முட்டைக்கோஸ்காரி.

பாட்டில் பதிந்திருந்த கொம்பிசிலேவின் குரல் எங்கேயோ அமுங்கிப்போயிற்று. ஃபலாகே துள்ளித் திரும்பினார். "ஏம்மா! மரியாதை இல்ல? அங்க ஒரு பெரியவர் வந்துக்கிட்டிருக்கார்!"

"எங்க வர்றார்?" அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பாட்டுல! என் கொள்ளுத்தாத்தா! அவருக்காகத்தான் பாட்டே நிக்குது!"

"அய்யோ, அவர் உங்க தாத்தாவா? தினம் இவருக்காக நிக்கிறோமே, யாருன்னே தெரியாதே! அதுக்காக நான் என் வீட்டைத் தாண்டிப் போகவா பெரியவரே? கோசு கனக்குது. அடுத்த சுத்து வரட்டும், நானே அவரைக் கூப்பிடுறேன்."

பின் சீட்டில் ஒருவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பெரியவரே, அவர் எதுக்கு அவ்வளவு லேட்டு?"

ஃபலாகே அவனை முறைக்கத்தான் திரும்பினார். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. "சட்டியை மறந்துட்டார்" என்றார். அதோடு நிறுத்த முடியுமா? ஆறு, மண்சட்டி, அக்கரையில் மூட்டிய நெருப்பு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஜனம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். முட்டைக்கோஸ்காரி இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். டிரைவர் அதுவரை கிளப்பவில்லை. பாட்டு இரண்டாவது தடவை நின்றபோது பின் சீட்டு முழுக்கச் சேர்ந்து சொமலங்காபி என்று கத்தியது, நடுவில் யாரோ "பள்ளிக்கூடத்துக்கிட்ட!" என்றும் கத்தினார்கள்.

கொம்பிசிலே தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு சரியாக் கேக்கவே மாட்டேங்குதே தம்பி" என்றாள் பயந்துகொண்டே.

"பரவாயில்ல விடு" என்றார் ஃபலாகே. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "அவசரத்துல இருக்கிறவங்க இறங்கட்டும். அவர் பொறுத்துக்குவார்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே தேதி சொல்லிவிட்டார். செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. கன்யேசா இரண்டு மணி நேரம் பேசினார். மாசெலே இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தாள். கொம்பிசிலேவை இப்போதும் கடைக்குப் போகிற வழியில் சின்னப் பிள்ளைகள் பார்த்தால் ஒரு நொடி அப்படியே சிலையாக நின்றுவிட்டு, சொமலங்காபி என்று கத்திவிட்டு ஓடும். அவள் செருப்பைக் காட்டுவாள், வீசியதில்லை.

டுமாகுடே இப்போது உம்லாசியிலேயே வேறு பகுதியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் பாகமிலேவோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருக்கிறான். குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கிற நேரத்தில் பாட்டுப் பண்ணுகிறான். சனிக்கிழமைகளில் மாமனாரோடு மீன் பிடிக்கப் போகிறான்.